மலையைப் பார்க்கலாம்... நம்மைப் பார்த்துக்கொள்வது யார்?

திருவண்ணாமலையில் முதுமையைக் கழிக்க நினைப்பவர்களுக்கும், அவர்களின் பிள்ளைகளுக்கும்...

விடியற்காலை 5 மணி. திருவண்ணாமலை செங்கம் சாலையில் டீக்கடை பாய்லர்கள் சூடேறிக்கொண்டிருக்கின்றன. அக்னி லிங்கத்தைத் தாண்டி, சேஷாத்ரி ஆசிரமம், ரமணாசிரமம் வழியாக மலையைச் சுற்றி வருபவர்களில் நரைத்த தலைகள் நிறைய. வெறுங்காலோடு, கையில் ஒரு துணிப்பையோடு, உதட்டில் ஏதோ முணுமுணுப்போடு நடக்கிறார்கள். சிலர் நேற்று இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். சிலர் பத்து வருடங்களுக்கு முன்பு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். பேச்சுக் கொடுத்தால் ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், ரயில்வேக்காரர், கணவரை இழந்த அம்மா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும்.

"கடைசிக் காலத்துல அண்ணாமலையார் காலடியில போய் இருந்துடணும்" என்று சொல்லாத குடும்பம் வட தமிழகத்தில் குறைவு. முன்பெல்லாம் அது பேச்சோடு நின்றுவிடும். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டே பேர், கையில் பென்ஷன். பேச்சு, முடிவாக மாறிவிடுகிறது. ரமண நகரில் வாடகை வீடு தேடுவதும், கிரிவலப் பாதையை ஒட்டி மனை பார்ப்பதும், 'முதியோர் குடியிருப்பு' விளம்பரத்துக்குப் போன் செய்வதும் அப்படித்தான் தொடங்குகின்றன.

அந்த முடிவில் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. 65 வயதில் 14 கிலோமீட்டர் நடப்பவருக்கு இந்த ஊர் சொர்க்கம். அதே மனிதர் 80 வயதில், இரவு 2 மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் கதவைத் தட்டப்போவது யார்?

ஊர் இழுக்கிற காரணம்

பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். 217 அடி உயர ராஜகோபுரத்துக்குப் பின்னால் 2,668 அடி உயரத்தில் மலை நிற்கிறது. இங்கே மலையே லிங்கம் என்பது நம்பிக்கை. அதனால் கோயிலுக்குள் போக முடியாதவர்களும் சாமி கும்பிட்டுவிடலாம். ஜன்னலைத் திறந்தால் போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட வசதியான தெய்வம் உண்டா?

கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சுமார் 200 கிலோமீட்டர். 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரை - வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆன்மிகம், மலிவான சாப்பாடு, போக்குவரத்து என மூன்றும் சேர்ந்த ஊர்.

தமிழ்நாடும் வேகமாக வயதாகிக்கொண்டிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 100 பேரில் 10 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் அது 18 பேரைத் தாண்டும் என்பது அரசின் மதிப்பீடு. நாட்டில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி அண்ணாமலையை நோக்கி வருவதில் ஆச்சர்யம் இல்லை.

மகனைத் தேடி வந்த தாய்

முதுமையில் அடைக்கலம் தேடி இங்கே வந்தவர்களில் ஊரே அறிந்தவர் ஒரு தாய். பெயர் அழகம்மாள். ரமண மகரிஷியின் அம்மா.

1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்துசேர்ந்தார் வேங்கடராமன். இரண்டு வருடம் கழித்து மகன் இருக்கும் இடம் தெரிந்து அம்மா ஓடி வந்தார். 'வீட்டுக்கு வா' என்று அழுதார், மகன் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். 1900-ல் மூத்த மகன் இறந்துபோனார். திருச்சுழி வீடும் கடனுக்காகக் கைமாறியது. இடையில் ஒருமுறை மகனைப் பார்க்க வந்தபோது கடும் காய்ச்சலில் படுத்துவிட்ட அம்மாவை, ரமணரே பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டார்.

1916-ல் அழகம்மாள் நிரந்தரமாகவே வந்துவிட்டார். மகனுக்கோ சொந்தமாக ஒரு கூரைகூட இல்லை. மலைமேல் விரூபாட்சி குகையில் இருந்தார். அம்மாவும் அங்கேயே தங்கினார். பிறகு கொஞ்சம் விசாலமான ஸ்கந்தாசிரமத்துக்கு எல்லோரும் மாறினார்கள். அம்மா அடுப்பு மூட்டினார். அதுவரை பிச்சை எடுத்து வந்ததைப் பகிர்ந்து உண்டவர்களுக்கு, அங்கேயே சமைத்த சாப்பாடு கிடைத்தது. அவர் அங்கே வெறும் பராமரிப்புக்குரிய முதியவராக இல்லை. அந்த இடத்துக்கே ஒரு வேலையும் பொறுப்பும் உள்ள மனுஷியாக இருந்தார்.

1922 மே 19. அழகம்மாளின் கடைசி நாள். ஒரு கையை அம்மாவின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்கில் பக்கத்திலேயே இருந்தார் ரமணர், உயிர் அடங்கும் வரை. அம்மாவை மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். சில மாதங்களில் ரமணரும் கீழே இறங்கி வந்து சமாதிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம். உள்ளே இருக்கும் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி, அந்தத் தாயின் சமாதிமேல் அமைந்தது. 1949-ல் கும்பாபிஷேகம் கண்டது.

ஆசிரமத்துக்குப் போகிறவர்கள் இந்தச் சந்நிதியில் ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். அழகம்மாளுக்குக் கிடைத்தவை எவை? தெரிந்த முகம், நேரத்துக்குச் சாப்பாடு, செய்வதற்கு ஒரு வேலை, நோயில் கவனிப்பு, கடைசி மூச்சில் ஒரு கை. எந்த முதியோர் இல்லத்தையும் அளக்க இந்த ஐந்தும் போதும்.

எங்கே தங்கலாம்? ஆறு வழிகள்

'முதியோர் இல்லம்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் பல வகை. வித்தியாசம் தெரியாமல் சேர்வதுதான் பிற்பாடு மனவருத்தத்துக்குக் காரணம்.

1. தனி வீடு, வாடகைக்கு. ரமண நகர், செங்கம் சாலைப் பக்கம் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஒரு ரூம், சின்ன சமையலறை, மெஸ் சாப்பாடு, வேலைக்கு வரும் ஒரு அம்மா. சுதந்திரம் அதிகம், செலவு கட்டுக்குள். ஆனால், இது வெறும் வீடு; பராமரிப்பு எதுவும் இதில் சேர்த்தி இல்லை. நடமாட்டம் நன்றாக இருக்கும்வரைதான் இது சரிப்படும். இப்படித் தங்குபவர்கள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடமும் பிள்ளைகளின் போன் நம்பரைக் கொடுத்துவைப்பதும், மாற்றுச் சாவி ஒன்றை நம்பகமானவரிடம் விட்டுவைப்பதும் அவசியம். 'காலை 8 மணிக்குள் நான் ஜன்னலைத் திறக்கவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள்' என்று எதிர்வீட்டில் சொல்லிவைப்பது பைசா செலவில்லாத பாதுகாப்பு.

2. ஆசிரமம். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆசிரம விருந்தினர் விடுதிகள், முன்கூட்டியே அனுமதி பெற்று வரும் பக்தர்கள் சில நாள்கள் தங்கிச் செல்வதற்கானவை. அவை முதியோர் இல்லங்கள் அல்ல. 'அப்பாவை ஆசிரமத்தில் விட்டுவிடலாம்' என்று திட்டம் போடுபவர்கள், அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடலாம். ஊர் பிடிக்கிறதா, வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் முதல் தங்கலுக்கு அவை நல்ல இடம்.

3. முதியோர் குடியிருப்பு. விளம்பரங்களில் 'ரிட்டயர்மென்ட் ஹோம்' என்று வருவது. சொந்தமாக வாங்கிய அல்லது குத்தகைக்கு எடுத்த ஃபிளாட்டிலோ தனி வீட்டிலோ இருந்துகொண்டு பொதுச் சமையலறையில் சாப்பிடலாம். வீடு பெருக்க, மின்சாரம் பார்க்க, ஆம்புலன்ஸ் கூப்பிட ஆள் இருக்கும். தமிழகத்தில் கோவை வட்டாரம் இதில் முன்னோடி. மற்ற ஊர்களுக்கும் பரவிவருகிறது. வீட்டின் விலை ஒரு பக்கம். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் இன்னொரு பக்கம். முதலாவதை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்க மறக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முதியோர் குடியிருப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2019-ல் மாதிரி விதிமுறைகளையும் வெளியிட்டிருக்கிறது. சக்கர நாற்காலி நுழையும் கதவு, வழுக்காத தரை, கைப்பிடி, அவசர அழைப்பு மணி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நண்பரைப்போலக் கட்டடமும் கைகொடுக்க வேண்டிய வயது இது.

4. கட்டண முதியோர் இல்லம். ஒரு தொகை டெபாசிட், பிறகு மாதக் கட்டணம். தனி அறை அல்லது இருவர் அறை. மூன்று வேளை சாப்பாடு, துணி துவைப்பு, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள். தனியாகச் சமாளிக்க முடியாது, ஆனால் படுக்கையில் விழவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பொருத்தமானது. பெரும்பாலான இல்லங்கள் சேர்க்கும்போது 'தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள வேண்டும்' என்று நிபந்தனை போடும். அந்த நிலை மாறினால் என்ன செய்வார்கள் என்பதைச் சேரும் அன்றே எழுத்தில் வாங்க வேண்டும்.

5. இலவச இல்லம். ஆதரவற்றவர்களுக்காக அரசு உதவியோடும் தொண்டு நிறுவனங்களாலும் நடப்பவை. சென்னையில் சாவித்திரி வைத்தி 1978-ல் தொடங்கிய 'விஸ்ராந்தி' இந்த வகையில் முன்னோடி. முதியவர்களும் ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் வாழும் 'ஒருங்கிணைந்த வளாகம்' திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. தாத்தா பாட்டி இல்லாத குழந்தைகளும், பேரக்குழந்தைகள் அருகில் இல்லாத முதியவர்களும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் நல்ல யோசனை அது. எங்கே இடம் இருக்கிறது என்ற தகவலுக்கு கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம்.

6. மருத்துவப் பராமரிப்பு இல்லம். பக்கவாதம், மறதி நோய், படுத்த படுக்கை, கடைசிக் கட்டப் புற்றுநோய் என்றால் மேலே சொன்ன ஐந்துமே போதாது. 24 மணி நேர நர்ஸ், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த உதவியாளர், டியூப் வழியாக உணவு கொடுக்கப் பழகியவர் வேண்டும். குறிப்பாக மறதி நோய். வழி மறந்துபோகும் ஒருவரை, லட்சக்கணக்கானோர் வந்துபோகும் ஊரில், கேட் திறந்தே கிடக்கும் இல்லத்தில் சேர்ப்பது ஆபத்து. இந்த வசதிகள் பெருநகரங்களில்தான் அதிகம். அண்ணாமலை ஆசை எவ்வளவு இருந்தாலும், இந்த நிலையில் மருத்துவ வசதிக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருப்பதே நல்லது.

பௌர்ணமி அன்று ஆம்புலன்ஸ் வருமா?

மற்ற ஊர்களில் கேட்க வேண்டியிராத சில கேள்விகளை இந்த ஊரில் கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, கூட்டம். மாதம் ஒரு பௌர்ணமி. கார்த்திகை தீபத்துக்குப் பல லட்சம் பேர். சித்ரா பௌர்ணமிக்கும் அப்படியே. அந்த நாள்களில் கிரிவலப் பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஆட்டோ கிடைக்காது, மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வருவதே ஒரு யாத்திரை. பாதையை ஒட்டிய வீடு என்றால், ஒலிபெருக்கியும் விடிய விடியக் காலடிச் சத்தமும் சேர்ந்தேதான் வரும். தீபம் தெரிகிற மொட்டைமாடி என்று ஆசைப்பட்டு எடுத்த வீட்டிலிருந்து, நெஞ்சு வலிக்கும்போது எந்த வழியாக வெளியே போவது? பாதையைத் தொடாமல் ஊருக்குள் போக மாற்று வழி உள்ள இடமாகப் பாருங்கள். வாராவாரம் டயாலிசிஸ் போன்ற தவறாத சிகிச்சை இருப்பவர்கள் ஒரு பௌர்ணமியன்று அங்கே தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இரண்டாவது, மருத்துவமனை. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பெரிய சிக்கல் என்றால் வேலூர் சி.எம்.சி. சுமார் 80 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்கெனவே இதய நோயோ, சிறுநீரக நோயோ இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் இந்தத் தூரக் கணக்கைச் சொல்லி யோசனை கேட்க வேண்டும்.

மூன்றாவது, வெயில். பகல் முழுக்கச் சூடேறிய பாறை மலை, இரவிலும் அனலை விடும். ஏப்ரல், மே மாதங்களில் மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வயதானவர்களுக்கு ஆகாது. டிசம்பர், ஜனவரியில் வந்து பார்த்துவிட்டு 'என்ன அருமையான குளிர்!' என்று அட்வான்ஸ் கொடுத்தவர்கள் சித்திரையில் தவித்துப்போவார்கள்.

நான்காவது, மலைச்சரிவு. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் இறந்தார்கள். மலையை ஒட்டிய வீடு என்பது எல்லா நேரத்திலும் வரம் அல்ல. சரிவிலிருந்து தள்ளி, மழைநீர் இறங்கும் ஓடைப் பாதையில் இல்லாத இடமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும்.

நேரில் போகும்போது...

போன் செய்து சொல்லிவிட்டுப் போனால் கோலம் போட்டு வரவேற்பார்கள். இரண்டாவது முறை சொல்லாமல் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பார்க்க வேண்டியவை:

* உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு என்ன தெரிகிறது? சிறுநீர் வாடை அடித்தால், மாற்றிவிட ஆள் போதவில்லை என்று அர்த்தம்.

* சாப்பிடுகிறவர்களுக்கு அவசரமா, நிதானமா? ஊட்டிவிட வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

* ஊழியர்கள் அங்கே இருப்பவர்களைப் பெயர் சொல்லி, உறவு சொல்லி அழைக்கிறார்களா, 'ஏய் கெழவி' என்கிறார்களா?

* இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? பகல் கணக்கைச் சொல்லிச் சமாளிப்பார்கள். இரவுக் கணக்கைக் கேளுங்கள்.

* டாக்டர் வாரத்துக்கு எத்தனை முறை வருகிறார்? மாத்திரை கொடுத்ததற்கு நோட்டில் பதிவு இருக்கிறதா?

* மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு பெற்ற இல்லமா? சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

* பிடிக்காமல் வெளியேறினால் டெபாசிட் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள்களுக்கும் கட்டணம் உண்டா?

* இறந்துபோனால் யார் என்ன செய்வார்கள்? கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனால், பிள்ளை டல்லாஸில் இருக்கும்போது, நடு இரவில் இதை முதல்முறையாகப் பேசுவது அதைவிடச் சங்கடம்.

அங்கே இருக்கும் இரண்டு பேரிடமாவது நிர்வாகிகள் பக்கத்தில் இல்லாமல் பேசுங்கள். 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்பார்கள். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?' என்று கேளுங்கள். உண்மை வந்துவிடும்.

எல்லாம் பிடித்திருந்தாலும் உடனே பெரிய தொகை கட்ட வேண்டாம். ஒரு மாதம் தங்கிப் பார்க்க அனுமதிக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஊர் வீட்டை அதுவரை விற்கவோ, காலி செய்யவோ வேண்டாம். திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்ற தைரியத்தோடு வருகிறவர்கள், புது இடத்தில் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்...

முதியவர்களுக்கு மிக வலுவான ஒரு சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. 60 வயதைக் கடந்து, தன் வருமானத்தில் வாழ முடியாதவர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும். சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். ஒரு முதியவரைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் அவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் உண்டு. பௌர்ணமிக் கூட்டத்தில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நழுவுவது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட.

இதே சட்டத்தின் 23-வது பிரிவு, சொத்து எழுதிக் கொடுப்பவர்களுக்கானது. 'என்னைக் கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்து, பெற்றவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வீட்டைத் தாயிடமே ஒப்படைக்கச் சொன்னது. ஆனால், அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட முடிய வேண்டும். ஆகவே, பிள்ளைக்கு எழுதினாலும், இல்லம் நடத்தும் டிரஸ்டுக்கு எழுதினாலும் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பாசத்தில் எழுதும்போது அந்த வரி அநாவசியமாகத் தெரியும். அதனால்தான் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

இல்லத்தில் சேர்ந்துவிட்டாலும் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் முதியவர் கையிலோ அவர் நம்பும் ஒருவர் கையிலோ இருக்கட்டும். நிர்வாகத்திடம் நகல் மட்டும் போதும்.

வீட்டைவிட்டு வராமலும் முடியும்

பணம் குறைவாக இருப்பவர்களுக்கும், வீட்டைவிட்டு வர மனமில்லாதவர்களுக்கும் வேறு வழிகளும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி கொடுக்கவும் ஆள்கள் வருவார்கள். ஆதரவற்ற முதியவர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதியோருக்கான '14567' என்ற கட்டணமில்லா எண்ணில் இல்லங்கள், பென்ஷன், சட்ட உதவி பற்றிக் கேட்கலாம். சாலையோரம் தவிக்கும் முதியவரைப் பற்றித் தகவலும் சொல்லலாம்.

கிரிவலப் பாதையில் நடக்கும்போது அப்படிப்பட்டவர்கள் கண்ணில் படுவார்கள். காவி உடுத்தி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் துறவிகள் அல்லர். வீடு இல்லாததால் காவிக்குள் வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். பத்து ரூபாய் போடுவதோடு, அந்த எண்ணுக்கு ஒரு போனும் போட்டால் சிலருக்கு வாழ்க்கையே மாறலாம்.

நினைத்தாலே போதும்

அழைத்து வருவது பிள்ளைகள் என்றாலும், முடிவெடுக்க வேண்டியவர் அப்பாவோ அம்மாவோதான். 'நாங்க எல்லாம் பார்த்தாச்சு, நீ வந்து இருந்தா போதும்' என்பது அன்பான வார்த்தையாகத் தோன்றும். கேட்பவருக்கு அது தீர்ப்பு. அவரே வந்து பார்க்கட்டும், அவரே ஜன்னலைத் தேர்ந்தெடுக்கட்டும். சேர்த்த பிறகு வாரத்துக்கு ஒருநாள், நேரம் தவறாமல் போன். அந்த நேரத்துக்காக அவர் அரை மணி முன்பே தயாராக உட்கார்ந்திருப்பார்.

கடைசிக் கட்ட சிகிச்சை பற்றியும் தெளிவாக இருக்கும்போதே பேசிவிடலாம். மீள முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற செயற்கைக் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் முன் கையெழுத்து, அவ்வளவுதான். 'அண்ணாமலையில் அமைதியாகப் போக வேண்டும்' என்று விரும்புகிறவர்கள், அந்த விருப்பத்தைக் காகிதத்திலும் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி வாரம் ஐ.சி.யு.வில்தான் போகும்.

தலங்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. திருவாரூரில் பிறந்தால் முக்தி. சிதம்பரத்தில் தரிசித்தால் முக்தி. காசியில் இறந்தால் முக்தி. திருவண்ணாமலைக்கு நிபந்தனையே இல்லை, நினைத்தாலே போதும். காசியில் இறப்பதற்கென்றே வந்து தங்கும் விடுதிகள் இருப்பதன் காரணமும், இங்கே அதற்கு அவசியம் இல்லாததன் காரணமும் அதுதான்.

முடிகிறவரை இங்கே வந்து இருக்கலாம். நடக்கலாம், சுற்றலாம், அன்னதான வரிசையில் புதிய நண்பர்களைப் பிடிக்கலாம். உடம்பு இன்னொருவர் கையை எதிர்பார்க்கத் தொடங்கும்போது, அந்தக் கை எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடலாம். அது வேலூர் மருத்துவமனைக்குப் பக்கமாக இருக்கலாம், மகள் வீட்டுப் பின்னறையாக இருக்கலாம். அங்கிருந்து நினைத்தாலும் அண்ணாமலையாருக்குக் கணக்கு ஒன்றுதான்.